விபத்தில்லா நாளுக்குப் பரிசு: குறைவது விபத்தா, விபத்தைச் சொல்வதா?

பி ஷிப்ட் மணலி

மணலிப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் லைனில் வேலை. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. எங்கள் கேட் பக்கத்தில் ஒரு போர்டு உண்டு, 'விபத்தில்லா நாட்கள்' என்று போட்டு அருகில் ஒரு எண். உங்களில் பலருடைய கம்பெனியிலும் இருக்கும். ரொம்ப நாளாக அது சும்மா ஒரு போர்டாகத்தான் இருந்தது. புது மேனேஜர் வந்ததும் அதோடு பரிசைச் சேர்த்துவிட்டார். மூன்று மாதம் யாருக்கும் அடிபடாமல் போனால் லைனில் உள்ள எல்லோருக்கும் குக்கரோ கடைக் கூப்பனோ ஏதாவது ஒன்று. ஒருவருக்கு அடிபட்டாலும் யாருக்கும் கிடையாது, எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், கையுறை போடாதவனைப் பக்கத்து மெஷின்காரனே அதட்டுவான் என்று நினைத்திருப்பார்கள். முதல் சில வாரம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் நடந்ததுதான் இதை நான் எழுதக் காரணம்.

பரிசுக்குக் கொஞ்ச நாளே பாக்கி இருந்தபோது, பிரஸ்ஸில் தகட்டை அமுக்கி வடிவமாக்கும் அச்சை, டை என்போம், மாற்றும் நேரத்தில் ஒரு காண்ட்ராக்ட் பையனுக்கு விரல் நுனி நசுங்கியது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தது வரைக்கும் எல்லாம் சரி. அடுத்த நிமிடம் பேச்சே மாறிவிட்டது. ஆக்சிடென்ட் புக்கில் ஏற்ற வேண்டாம், வெளியே கிளினிக்கில் காட்டிக்கொள்ளலாம், பைக் செயினில் மாட்டியது என்று சொல்லிவிடு. இதைச் சொன்னது மேனேஜர் இல்லை, கூட வேலை செய்கிறவர்கள். கெட்டவர்களும் இல்லை, அதே ஆட்கள்தான் அவனுக்கு ஆட்டோ பிடித்து, கிளினிக் செலவுக்குக் காசு போட்டார்கள். பையனும் சரி என்றான். வேறென்ன சொல்வான், சுற்றி நிற்பது எல்லாம் மூத்தவர்கள், அவனோ புதிது, அதுவும் காண்ட்ராக்ட்.

அவன் இழந்தது என்ன என்று பாருங்கள். வேலையில் அடிபட்டது என்று ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் பதிவானால் குணமாகும் வரை கூலியில் 90 சதவீதம் வரும், எத்தனை நாள் சந்தா கட்டினாய் என்ற கேள்வியே கிடையாது. சாதாரண உடல்நலக் குறைவு என்று போனால் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரைதான், அதற்கும் முன்னாலேயே 78 நாள் சந்தா போயிருக்க வேண்டும். விரலில் நிரந்தரக் குறை நின்றுவிட்டால் மருத்துவக் குழு சதவீதம் போட்டு ஆயுள் முழுக்க மாதப் பணம் கிடைக்க வழி உண்டு. அத்தனையும் ஒரு குக்கருக்காகப் போயிற்று.

அந்தக் காலாண்டில் எங்கள் லைனுக்குப் பரிசு கிடைத்தது. எல்லோரும் நின்று போட்டோ எடுத்தார்கள், அவனும் கட்டுப் போட்ட விரலோடு நின்றான். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அடிபடுவது குறைந்திருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நிர்வாகத்துக்கும் தெரிய வழியில்லை. புக்கில் ஏறுவதே நின்றுவிட்டதே. வேறு இடங்களில் இந்த மாதிரிப் பரிசு ஆட்களை எப்படி மாற்றியது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த மாதம் பாதுகாப்புக் குழுக் கூட்டம் இருக்கிறது, பேசப் போகிறேன், கையில் விஷயம் வேண்டும்.

தண்டையார்பேட்டை நிலா

அண்ணா, நான் எச்.ஆரில் இருக்கிறேன், வேறு தொழில், வேறு கம்பெனி. படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் இதை வைத்துப் பரிசு என்றாலே கெடுதல் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சேஃப்லைட் என்று கார் கண்ணாடி மாற்றித் தரும் கம்பெனி. மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் 90-களின் நடுவில் கண்ணாடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்கு மாறினார்கள். எட்வர்ட் லாஸியர் என்ற பொருளாதார அறிஞர் அந்தக் கணக்கை எடுத்து 2000-இல் கட்டுரை எழுதினார். ஒரு ஆள் செய்யும் வேலை சுமார் 44 சதவீதம் கூடியது. அதில் ஏறக்குறைய பாதி, இருந்த ஆட்களே கூடுதலாகச் செய்தது. மீதி, வேகமாகச் செய்யக்கூடியவர்கள் தேடி வந்து சேர்ந்ததாலும் தங்கியதாலும் வந்தது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, மாட்டிய கண்ணாடி சரியில்லாமல் உடைந்தால் மாட்டியவரே தன் நேரத்தில் திரும்ப மாட்டித்தர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதனால் வேகத்துக்காகத் தரத்தை விட முடியவில்லை.

நம் நாட்டிலும் உண்டு. ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் ஓராசிரியர் பள்ளிகள், ஆசிரியர்கள் வருவதே இல்லை என்ற புகார். தேதி நேரம் பதியும் கேமராவைக் கொடுத்து, காலையும் மாலையும் ஒரு மாணவரை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லி, வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம் என்றார்கள். வராத நாள் 42 சதவீதமாக இருந்தது 21 சதவீதமாக இறங்கியது, பிள்ளைகளின் தேர்ச்சியும் கூடியது. எஸ்தர் டுஃப்லோ உட்பட மூவர் செய்த ஆய்வு, 2012-இல் வெளியானது. கேமராவை ஏமாற்ற முடியாது, பள்ளிக்கு வந்துவிட்டால் பாடம் நடத்தாமல் சும்மா உட்காருவதும் கடினம். எண்ணுகிற விஷயமும் வேண்டிய விஷயமும் அங்கே ஒன்றாக இருந்தன. உங்கள் லைனில் எண்ணுவது புக்கை, வேண்டியது விரலை.

பெரம்பூர் பழைய ஃபிட்டர்

நிலா சொன்னது சரிதான் அம்மா, ஆனால் எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு இரண்டு விதமான பணம் உண்டு, இரண்டும் ஆளை இரண்டு விதமாக நடத்தும்.

ஒன்று இன்சென்டிவ். சித்தரஞ்சன் என்ஜின் தொழிற்சாலையில் தொடங்கிய முறை என்பதால் அந்தப் பெயரிலேயே சொல்வார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் கார்டு, அதில் இவ்வளவு நேரம் என்று போட்டிருக்கும். சாதாரணத் திறமை உள்ளவன் கொஞ்சம் முனைந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சம்பாதிக்கும்படி நேரம் வைப்பார்கள், எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 50 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இதில் மனுஷன் என்ன செய்வான்? நேரத்தை அளக்க ஆள் வந்து பக்கத்தில் நின்றால் யாரும் வேகம் காட்ட மாட்டான், காட்டினால் அடுத்த தடவை நேரத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். உச்ச வரம்பைத் தொட்டுவிட்டால் அதோடு சரி. யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன், எல்லோரும் கணக்குத் தெரிந்தவர்கள். இதில் அடிவாங்கியது கற்றுக்கொடுக்கிற வேலை. புது அப்ரென்டிஸுக்கு உலோகப் பரப்பைச் சுரண்டிச் சமமாக்கும் ஸ்க்ரேப்பிங்குக்குக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்ட ஒரு மணி நேரம் போனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஜாப் கார்டு கிடையாது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த நஷ்டத்தைப் பார்க்காமல் கற்றுக்கொடுத்தார், இன்றைக்கும் அவரை நினைக்காத நாளில்லை. எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியுமா?

இன்னொன்று போனஸ். உற்பத்தியோடு இணைத்த போனஸ் என்று பெயர், 1979-80 கணக்கிலிருந்து ரயில்வேயில் இருக்கிறது. ரொம்ப வருஷமாக 78 நாள் சம்பளம், அதுவும் மாதம் 7,000 ரூபாய் என்ற வரம்பில் கணக்குப் போட்டு அதிகபட்சம் 17,951 ரூபாய். தசராவுக்கு முன்னால் அறிவிப்பு வரும். அந்தப் பணத்துக்காக யாராவது ஒரு போல்ட் கூட முறுக்குவானா என்றால் மாட்டான். ஆயுத பூஜைக்குப் பொரி கடலை, தீபாவளிக்குத் துணி, அதற்கான பணம் அது. அதில் தப்பும் இல்லை. உழைத்தவனுக்குச் சேரவேண்டிய கூலியில் ஒரு பகுதி தள்ளி வருகிறது, அவ்வளவுதான். நிர்வாகம் அதை ஊக்கம் என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பிரச்சினை, ஆனால் நிறுத்திப் பார்க்கட்டும், பெரம்பூர் முழுக்க ரோட்டுக்கு வந்துவிடும்.

எண்ணூர் ட்ரெய்லர்

நான் சின்ன வண்டி ஓனர், கன்டெய்னர் இழுக்கிறோம். எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர் வரிசை நிற்பதை எல்லோரும் திட்டுவீர்கள், உள்ளே உட்கார்ந்திருக்கும் டிரைவர் எப்படிச் சம்பளம் வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. மாதச் சம்பளம் கொஞ்சம், மீதி எல்லாம் டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா. சென்னைத் துறைமுகமோ காட்டுப்பள்ளியோ, கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றாலும் டிரிப் ஒன்றுதான். நின்ற நேரத்துக்குப் பைசா கிடையாது.

சரி, இந்த ஏற்பாடு ஒரு மனிதனை என்ன செய்யச் சொல்கிறது? வரிசையை விட்டு எதிர்ப்பக்கம் ஏறச் சொல்கிறது. ராத்திரி தூங்காமல் இன்னொரு டிரிப் அடிக்கச் சொல்கிறது. டயரைத் தட்டிப் பார்க்கவோ பெட்டியின் நாலு மூலை லாக்கும் விழுந்ததா என்று இறங்கிச் சுற்றி வரவோ நேரமில்லை என்று சொல்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. அதை எந்த டிரைவரிடமாவது சொல்லிப் பாருங்கள், உங்களை மேலும் கீழும் பார்ப்பார். நடந்து போகிறவர்களும் பைக்கில் போகிறவர்களும்தான் திருவொற்றியூர்ச் சாலையில் இதற்கு விலை கொடுக்கிறார்கள்.

எங்கள் வண்டிகளில் நான் மாதச் சம்பளத்தைக் கூட்டி டிரிப் பேட்டாவைக் குறைத்தேன், வரிசையில் நிற்கும் நேரத்துக்குத் தனிப் படி வைத்தேன். டிரிப் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் டிரைவர்கள் விட்டுப் போவது நின்றது, டயர் செலவு இறங்கியது. பெரிய ஆட்களோடு ரேட்டில் போட்டி போட முடியாமல் சில ஆர்டர் போனதும் உண்மை. தனியாக ஒரு ஓனர் மாற்றினால் அடி அவனுக்குத்தான், எல்லோருக்கும் ஒரே விதி என்று வந்தால்தான் நிற்கும்.

கொருக்குப்பேட்டை ரைடர்

சாப்பாடு டெலிவரியில் இதே கதைதான். இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு கூடுதல், அதற்கு ஒன்று குறைந்தாலும் அந்தக் கூடுதல் மொத்தமாகப் போய்விடும். பகல் முழுக்க நிதானமாக ஓட்டுகிறவன் கடைசி ஒரு மணி நேரத்தில் சிக்னலைப் பார்க்க மாட்டான். மழைக்குத் தனிப் பணம் தருகிறார்கள், கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தும் அந்தப் பணத்துக்காக வண்டியை எடுக்கிறோம். ஆர்டருக்கு ஆர்டர் சமமாகக் கொடுத்துவிட்டால் அந்தக் கடைசி நேர ஓட்டம் இருக்காது. அதைக் கேட்டால் அதற்கு ஆப்பில் பட்டனே இல்லை.

வண்ணாரப்பேட்டை கவுண்டர்

நான் ஒரு தனியார் வங்கிக் கிளையில் இருந்தேன், இப்போது இல்லை. எங்களுக்குப் பரிசு இன்சூரன்ஸ் விற்பதற்கு. காலையில் மீட்டிங், யார் எத்தனை பாலிசி என்று எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவர்களாவது கேள்வி கேட்பார்கள். பென்ஷன் எடுக்க வரும் வயதானவர்கள் ஃபிக்சட் டெபாசிட் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், வருடா வருடம் கட்ட வேண்டும் என்பது அடுத்த வருடம்தான் தெரியும். விற்ற மாதமே எங்களுக்குப் பாராட்டு வந்துவிடும். பாலிசி தொடர்ந்ததா, அந்த அம்மா திரும்ப வந்து அழுதாரா என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விஷயம் உலகமே பார்த்தது. ஒரு வாடிக்கையாளருக்குக் கணக்கு, கார்டு என்று எட்டு சேவையாவது விற்க வேண்டும் என்று இலக்கு வைத்துத் துரத்தினார்கள், ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். ஐயாயிரம் பேரும் பிறவியிலேயே திருடர்களா? இலக்கை எழுதிய கையைப் பற்றி அப்போது எத்தனை பேர் பேசினார்கள்?

பி ஷிப்ட் மணலி

கவுண்டர் தோழர், கடைசியில் கேட்ட கேள்விதான் என் கேள்வியும். எங்கள் பையனைக் கூப்பிட்டு 'நீ ஏன் புக்கில் ஏற்றவில்லை' என்று நாளைக்கு நிர்வாகம் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

ஃபிட்டர் ஐயா சொன்னதில் கற்றுக்கொடுக்கிற விஷயம் எங்களுக்கும் பொருந்துகிறது. டை மாற்றுவதைப் பொறுமையாக யாராவது காட்டியிருந்தால் அவன் விரல் தப்பியிருக்கும். அதற்கு ஒரு பரிசும் கிடையாது.

காசிமேடு மகன்

எங்கள் வீட்டில் எல்லோரும் விசைப்படகு. கடலில் மேஸ்திரியும் கிடையாது, மேனேஜரும் கிடையாது, போர்டும் கிடையாது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதியை ஓனருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். பங்கு என்றால் வலையில் வந்தது எல்லாம் எல்லோருக்கும் என்பதால் ஒருவர் சோம்பினால் மற்றவர் கேட்பார், மீனை ஐஸில் வைக்கும்போதே பார்த்து வைப்பார்கள், கெட்டுப்போனால் ஏலத்தில் விலை போகாது, அடி எல்லோர் பங்கிலும் விழும். ஆனால் மீன் குறைந்த நாளில் அந்த நஷ்டமும் ஆட்கள் தலையில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் பங்கு என்று ஒன்றே இல்லை, அரசு தரும் நிவாரணமும் ஓனரிடம் வாங்கிய முன்பணமும்தான். பங்கு முறை நல்லது என்று ஊரில் பேசுகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தண்டையார்பேட்டை நிலா

பி ஷிப்ட் அண்ணா, உங்கள் கூட்டத்துக்கு உதவும் இரண்டு விஷயம் தேடிப் பிடித்தேன்.

ஒன்று, அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கான ஓஷா அமைப்பு 2016-இல் கொண்டுவந்த விதி. அடிபட்டதைச் சொன்னதற்காகப் பரிசை மறுப்பது, சொன்னவரைப் பழிவாங்குவதாக ஆகலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2018-இல் விளக்கம் கொடுத்தபோது இப்படிப்பட்ட பரிசை முழுக்கத் தடுக்கவில்லை. ஆட்கள் பயமில்லாமல் சொல்ல வழி செய்திருக்க வேண்டும் என்றார்கள், ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு கொடுப்பதை நல்ல முறையாகவே காட்டினார்கள். உங்கள் மேனேஜர் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிறவர் என்றால் இது அவருக்குச் சட்டென்று புரியும், ஏனென்றால் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, அங்கேயே ஒரு சலவை ஆலை. மாதம் முழுக்க காரணமில்லாத லீவு போடாமல், தாமதமும் ஆகாமல் வந்தால் குலுக்கலில் பரிசு என்றார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு. ஒரு நாள் தாமதமாகி வாய்ப்புப் போனவர்கள் மீதி மாதம் பழையபடி ஆகிவிட்டார்கள். தாமதமாகிவிடும் போலத் தெரிந்தால் சிலர் உடம்பு சரியில்லை என்று சொல்லி விடுப்பே எடுத்தார்கள். எனக்கு மனதில் தைத்தது வேறு. பரிசு வருவதற்கு முன்னாலேயே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலைதான் மோசமானது. அவர்கள் எப்போதும் செய்துகொண்டிருந்ததை யாரும் பார்த்ததே இல்லை, இப்போது தாமதமாக வருகிறவர்களுக்குப் பரிசு. மொத்தத்தில் ஆலைக்கு உற்பத்தியில் 1.4 சதவீத நஷ்டம்.

எங்கள் கம்பெனியிலும் வருகைப் படி இருக்கிறது, காய்ச்சலோடு வந்து பக்கத்தில் உள்ள நாலு பேருக்கு ஒட்டவைப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இந்த ஆய்வை எங்கள் நிர்வாகத்திடமும் கொண்டுபோகப் போகிறேன்.

எண்ணூர் ட்ரெய்லர்

இன்னொன்றையும் கூட்டத்தில் கேளுங்கள். அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அரசு அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் கட்டுப் போட்ட ஆளை மறுநாளே காரில் கூட்டிவந்து ஒரு நாற்காலியில் உட்காரவைப்பார்கள். என் மச்சான் வேலை பார்த்த இடத்தில் காலில் மாவுக்கட்டோடு ஒருவர் டூல் ரூமில் உட்கார்ந்திருந்தார். வேலை ஒன்றும் கிடையாது, வருகைப் பஞ்ச் மட்டும் விழும்.

பி ஷிப்ட் மணலி

எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் என்ன கேட்பது என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறோம். போர்டு இருந்துவிட்டுப் போகட்டும், பரிசை அதிலிருந்து பிரித்துவிட வேண்டும். அதே பணத்தை, நூலிழையில் தப்பியது என்று சொல்கிறோமே, அந்த மாதிரிச் சம்பவத்தை எழுதிக் கொடுப்பவருக்கும், எழுதியது சரிசெய்யப்பட்ட லைனுக்கும் கொடுக்கட்டும். பிரஸ்ஸின் சென்சார் வேலை செய்யவில்லை என்று எழுதினால் எத்தனை நாளில் சரியானது என்பதை மேனேஜரின் மதிப்பீட்டில் சேர்க்கட்டும், ஏனென்றால் அவருக்கும் ஒரு போனஸ் இருக்கிறது, அது இப்போது எங்கள் போர்டில் உள்ள எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. டை மாற்றக் கற்றுக்கொடுக்கும் நேரத்தை உற்பத்தி நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். இது ஃபிட்டர் ஐயா சொன்னதிலிருந்து சேர்த்தது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் குழுவில் ஒரு இடம் வேண்டும், இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று நினைக்கிறேன்.

பொய்யாக எழுதிப் பரிசு வாங்குவார்கள் என்பார்கள். சிலர் வாங்குவார்கள். ஒரு ஓட்டைச் சட்டியைப் பற்றிப் பத்து பேர் எழுதினால் என்ன, சட்டி மாறும். அடிபட்டதை மறைப்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

பெரம்பூர் பழைய ஃபிட்டர்

தம்பி, எல்லாம் சரி. அந்தப் பையனுக்கு என்ன வழி?

தண்டையார்பேட்டை நிலா

வழி இருக்கிறது ஐயா. கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பாவிட்டாலும் பையனே தன் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், அவர்கள் விசாரிப்பார்கள். அங்கே மறுத்தால் ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் உண்டு, உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். தள்ளிப்போடாமல் இப்போதே போவது நல்லது. அன்றைக்கு ஷிப்டில் இருந்ததற்கான பஞ்ச் பதிவு, கிளினிக் சீட்டு, பார்த்தவர்கள் வாக்குமூலம், இந்த மூன்றும் முக்கியம். கிளினிக் சீட்டில் பைக் செயின் என்று எழுதியிருந்தால் அதை ஏன் அப்படிச் சொன்னான் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

பி ஷிப்ட் மணலி

சீட்டில் பைக் என்றுதான் இருக்கிறது. அவனிடம் பேசிவிட்டேன், முதலில் பயந்தான், வேலை போய்விடும் என்றான். அன்றைக்கு ஆட்டோ பிடித்த இரண்டு பேரும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்களாகவே வந்து சொன்னதும் சரி என்றான். திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்ட், காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு கிளை அலுவலகம் போகிறேன். என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.